கன்டெய்னருக்குள் இன்னொரு தெரு

ஜெயசீலியின் வீட்டில் பாஸ்வேர்டுகளையெல்லாம் அவள் கணவன் தர்மசிங்தான் வைத்திருந்தான். வீட்டு ரகசியத்தை யாரோ ஒரு கம்பெனியை நம்பிக் கொடுப்பானேன் என்று, அத்தனையையும் மனப்பாடம் செய்துகொண்டு, பின்வாசலில் இறக்கியிருந்த கன்டெய்னருக்குள் போய் உட்கார்ந்துவிட்டான். தூத்துக்குடியில் கன்டெய்னருக்குப் பஞ்சமில்லை. கதவை வெளியிலிருந்து வெல்டிங் வைத்தார்கள். பக்கவாட்டில் ஒரு துளை விட்டார்கள். கேள்வி உள்ளே போகவும் பதில் வெளியே வரவும் அதுதான் போர்ட்டு.

ஜெயசீலி துளையில் வாயை வைத்துக் கேட்பாள். அவன் மெதுவாகச் சொல்வான். சில நாள், "கொழம்பு வாசன வருது" என்று கேட்காததையும் சொல்வான். அதற்காகவே, ஞாபகத்தில் இருக்கிற பாஸ்வேர்டைக்கூட அவள் போய்க் கேட்பதுண்டு.

மழைக்குப் பிறகு அவன் தன்னைத்தானே அப்டேட் செய்துகொண்டான். மறுநாள் பார்த்தபோது, துளை இருந்த இடம் ஆறின புண்போல மூடிக் கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்தார். இறந்துபோன மாமியார் எப்போதோ பேசி அனுப்பிய குரல் ஒன்று அவருடைய போனில் பூட்டிக் கிடந்தது. "அவ சத்தத்த ஒருக்க கேட்டுட்டா போதும்மா" என்று மருமகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஜெயசீலி கொழுந்தன் டெல்வினை வரச்சொன்னாள். அவன் துறைமுகத்தில் நெட்வொர்க் பார்க்கிறவன். வந்ததும் இரும்பில் தட்டினான். தட்டிய சத்தம் அதே கனத்தோடு உள்ளிருந்து திரும்பி வந்தது.

"பிங் போகுது மைனி, தட்டினா பதில் தட்டு வருது. அண்ணன் ஓடிக்கிட்டுதான் இருக்கான்."

கிரேனைக் கொண்டுவந்து கன்டெய்னரைத் தூக்கி, திரும்ப அதே இடத்தில் வைத்தான். ரீஸ்டார்ட் ஆனது, பதில் மட்டும் வரவில்லை. ஜெயசீலி இரும்பில் காதை வைத்தாள். உள்ளே தர்மசிங் பேசிக்கொண்டிருந்தான்.

"யார்கிட்ட பேசுதாரு?"

"உள்ளுக்குள்ளயேதான். வெளிய இருந்து கூப்பிட்டா இப்ப அவன் காதுல ஏறாது."

பழைய இடத்திலேயே டெல்வின் துளை போட்டான். நனைந்த மண்ணின் வாசனை வந்தது. ஜெயசீலி கண்ணை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஒரு தெரு இருந்தது. தெருவில் அவர்கள் வீடு. வாசலில் தர்மசிங் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இன்னொரு ஜெயசீலி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, மாமா அத்தையோட சத்தத்தக் கேக்கணுங்காங்க. அதுக்கு என்ன பாஸ்வேர்டு?"

தர்மசிங் தலையை நிமிர்த்தினான். பூண்டு உரிக்கிறவளின் காதருகே குனிந்து பாஸ்வேர்டைச் சொன்னான். அவள் தலையாட்டினாள்.

"அட்ரஸ் மாறிப்போச்சு மைனி," என்றான் டெல்வின். "வீடுன்னா இப்ப அவனுக்கு அந்த வீடுதான். நீங்க கேட்டாலும் பதில் அங்கதான் போகும்."

ஜெயசீலி மறுபடி துளையில் வாயை வைத்தாள். பூண்டு உரிக்கிறவளிடம், "கொஞ்சம் வந்துட்டுப் போறியா? பெரியவர் ரொம்ப முடியாம இருக்காரு" என்றாள்.

உள்ளே இருந்தவள் பூண்டைக் கீழே வைத்து எழுந்தாள். தர்மசிங் அவள் முந்தானையைப் பிடித்து ஒரு தடவை இழுத்து, பிறகு விட்டான். அப்படி அவன் ஜெயசீலியை இழுத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. மற்றவள் தோளைச் சாய்த்துத் துளை வழியே வெளியே வந்தாள். ஜெயசீலியின் செருப்பு அவளுக்குச் சரியாக இருந்தது. டெல்வின் அவளை பைக்கில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

குரல் திறந்தது. பெரியவர் போனைக் காதில் வைத்துக் கேட்டார். "என் மருமகதான் கேக்க வச்சா" என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னார். அவள் கையைப் பிடித்தபடியே இறந்துபோனார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் மற்றவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஜெயசீலி வந்தவர்களுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள். நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டு, நீ எந்த வீட்டுப் பெண் என்று கேட்டார்.

அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகு ஜெயசீலியும் மற்றவளும் பின்வாசலில் உட்கார்ந்தார்கள். தர்மசிங் கொழம்புக்கு அனுப்புகிறாற்போல, கன்டெய்னர் துளையிலிருந்து சாளை மீன்கள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. ஜெயசீலி சட்டியை எடுத்துவந்து கீழே வைத்தாள்.

"முன்ன சாளையத் தொடவே மாட்டாரு, இப்ப சாப்பிடுதாரா?" என்று கேட்டாள்.

"முள்ள எடுத்துக் குடுத்தா சாப்பிடுவாரு" என்றாள் மற்றவள்.

சட்டி நிறைந்ததும் ஜெயசீலி அடுத்த சட்டியை வைத்தாள்.