மூன்றாம் கியர்

ஜன்னலோரக் கட்டில் நோயாளிக்கு நல்லது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அந்த ஜன்னலுக்கு வெளியேதான் நோயாளியின் பிக்கப் வண்டி நிற்கும், அதைத் தப்புத் தப்பாக ரிப்பேர் பார்ப்பார்கள், நாள் முழுக்க அவர் அதைக் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

முட்டைக்காரர் என்றுதான் தெருவில் அவரைச் சொல்வார்கள். பண்ணையிலிருந்து முட்டைத் தட்டுகளை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போடுவது அவர் தொழில். ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வலது கையும் காலும் விழுந்துவிட்டன, கூடவே பேச்சும் போனது. மூளையில் அடைப்பாம். இருந்த வார்த்தைகளையெல்லாம் வாரிக்கொண்டு போன அந்தப் பாழாய்ப்போன அடைப்பு, "சரி" என்ற ஒன்றை மட்டும் விட்டுவைத்தது. தண்ணீர் வேண்டுமென்று வாயைத் திறந்தால் அதுதான் வரும். வேண்டாமென்று திறந்தாலும் அதுவேதான் வரும். தலையை ஆட்டினால் அது மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்பது தலையின் இஷ்டம். இடது கையில் பேனாவைக் கொடுத்துப் பார்த்தார்கள்; கோழி கிளறின மாதிரி வந்தது. புத்தி மட்டும் ஒரு குறையுமில்லாமல் உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

வண்டியை மனைவி எடுத்தாள். இத்தனை வருஷமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து போய், கடைகளில் தட்டு எண்ணி இறக்கியவள். ஆத்திர அவசரத்துக்கு நாலு தடவை ஓட்டியிருக்கிறாள், அவ்வளவுதான். முதல் நாள் வாசல் தூணில் உரசாமல் ரிவர்ஸ் எடுத்து அவள் தெருவுக்கு இறங்கிய சத்தத்தைக் கேட்டு அவருக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பி வந்ததும் கையைப் பிடித்து, "ராணி மாதிரி ஓட்டுறே" என்று சொல்ல நினைத்தார். "சரி" என்றார்.

இரண்டாவது வாரம் வண்டி தன் குணத்தைக் காட்டியது. தெருமுனைப் பள்ளத்தில் இறங்கி ஏறியதுமே இன்ஜின் முக்குவது அவர் காதில் விழுந்தது. மூன்றாவது கியரில் மாட்டிக்கொண்டது என்று அவருக்கு அப்போதே தெரியும். ஏன் மாட்டிக்கொண்டது என்பதும் தெரியும்.

அது ஆட்டோமேட்டிக் வண்டி. ஓட்டுகிறவரின் இடது காலடியில், கியர் கம்பியை ஒட்டி, தரை விரிப்புக்கு அடியில், கியர்பாக்ஸுக்குப் போகும் ஒயர்கள் ஒரு பிளக்கில் சேரும். அந்தப் பிளக்கைப் பிடித்திருந்த கொக்கி என்றைக்கோ உடைந்துவிட்டது. வண்டி குலுங்கினால் பிளக் நழுவும். டேஷ்போர்டில் உள்ள விளக்கெல்லாம் எரியும். கியர் மூன்றாவதில் போய் உட்கார்ந்துகொண்டு அசைய மாட்டேன் என்னும். ஆட்டோமேட்டிக் வண்டியில் இடது காலுக்கு வேலை இல்லை. அதனால் ஒவ்வொரு பள்ளம் தாண்டியதும் அந்தக் காலை நீட்டி அந்த இடத்தில் ஓர் உதை விடுவார். பிளக் நழுவுவதற்கு முன்பே உள்ளே போய்விடும். அடுத்த வாரம் ஒரு கொக்கி வாங்கிப் போடவேண்டும் என்று வருஷக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தார். காலே போதும் என்று இருந்தபோது யார் கடைக்குப் போவார்கள்? யாரிடமும் சொன்னதுமில்லை. இதையெல்லாம் போய் யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

மெக்கானிக் வந்தார். நல்ல மனுஷன்தான், கைசுத்தமானவர். பேட்டரியை மாற்றினார். கியர் ஆயிலை மாற்றினார். ஃபியூஸ் ஒவ்வொன்றையும் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஸ்கேனரை மாட்டினால் அது கியர்பாக்ஸ் வால்வைக் குறை சொன்னது. வால்வை மாற்றினார். ஒரு நாள் ஒழுங்காக ஓடியது; மறுநாள் அதே பல்லவி.

"நான் ஏறி உக்காந்தா ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடுதும்மா," என்றார் மெக்கானிக். "நான் அந்தப் பக்கம் போனதும் உங்க உயிரை வாங்குது. ரேடியோவும் செத்துக் கெடக்கு, அதையும் பாத்துடவா?"

"அது கெட்டு ரொம்ப வருஷமாச்சு. அதை விடுங்க. கியரைப் பாருங்க."

மச்சினன் தன் பங்குக்குச் செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு வந்தான். "எர்த் பிரச்சனைக்கா. ஒரு ஒயரை நேரா பாடியில இழுத்துக் கட்டினா போதும்." கட்டினான். முன்விளக்கு இரண்டும் போயின.

உள்ளே கட்டிலில் அவர் துடித்தார். "அந்த ஒயர் இல்லடா, கீழே, விரிப்புக்குக் கீழே." சரி சரி சரி என்று சத்தம் வந்தது. "மாமாவும் சரின்னுட்டாரு," என்றான் மச்சினன். ஜன்னலைக் காட்டினார்; வெயில் அடிக்கிறதென்று ஜன்னலைச் சாத்தினார்கள். காலைக் காட்டினார், எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் காலையே பேசவைத்தார். வெளியே கியர் மாட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் இடது காலை நீட்டிச் சுவரில் உதைத்தார். இப்படி, இந்தக் காலால், இப்படி உதை. சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது.

உடற்பயிற்சி சொல்லித்தர வரும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "கால்ல நல்லா பலம் வருது. உதைக்கட்டும், விடுங்க."

மனைவி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். சுவருக்கும் காலுக்கும் நடுவில் ஒரு தலையணையை வைத்தாள். வைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் உடுப்பெல்லாம் மஞ்சள் கருவோடு வந்தாள். மூன்றாவது கியரில் வண்டி எகிறி, அடுக்கியிருந்த தட்டெல்லாம் சரிந்திருக்கிறது. பெரிய கடைக்காரர் இனிமேல் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்கிறேன் என்று கைவிரித்துவிட்டார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஓட்டுறது உங்களுக்குப் பிடிக்கல, இல்ல? வண்டிச் சத்தம் கேட்டாலே உதைக்கிறீங்க. மத்த நேரம் கால் சும்மாத்தானே கெடக்கு."

இல்லவே இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். "சரி," என்றார்.

"உங்க வண்டியை நான் பாழாக்குறேன்னு கோவம். எனக்குத் தெரியுது. இப்படி உதைச்சு உதைச்சு மறுபடியும் ஏதாவது ஆயிடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? வித்துடலாங்க. நான் பண்ணையிலேயே கூலிக்குப் போறேன். வித்துடவா?"

கூடாது என்று கத்தினார். உடம்பில் மிச்சமிருந்த அத்தனை பலத்தையும் கூட்டிக் கத்தினார். "சரி. சரி. சரி."

அவள் தலையாட்டிக்கொண்டே எழுந்து போய்விட்டாள்.

வாங்க வந்தவர் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். வண்டியைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்தார். "கியர் கொஞ்சம் தகராறு பண்ணும், மறைக்க மாட்டேன்," என்றாள் அவள். "எங்ககிட்ட ஆள் இருக்கும்மா, பாத்துக்குறோம்," என்றார் அவர். சாவி கை மாறியது. இன்ஜின் கிளம்பும் சத்தத்தை முட்டைக்காரர் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பெற்ற பிள்ளையை வேறு யாரோ கூட்டிக்கொண்டு போவது போல் இருந்தது. வண்டி தெருமுனைக்குப் போனது. பள்ளத்தில் இறங்கியது, ஏறியது, முக்கியது.

கால் தானாக நீண்டது. தலையணை கீழே விழ, சுவரில் உதைத்தார்.

அவள் ஓடி வந்து அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள். "போதுங்க. வண்டி போயிடுச்சு. இனிமே யாரு மேல கோவம்?" அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு. "சும்மாவே இருக்காது இந்தக் காலு. வண்டியிலயும் இப்படித்தான், பள்ளம் மேடுன்னு ஒண்ணு விடாம உதைச்சுக்கிட்டே வருவீங்க. பாட்டுக்குத் தாளம் போடுறீங்கன்னு நான் நெனச்சுக்குவேன்."

சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"பாட்டு ஏது," என்றாள் மெதுவாக. "ரேடியோதான் கெட்டுப்போச்சே."

அமுக்கியிருந்த கைகள் தளர்ந்தன. காலைப் பார்த்தாள். சுண்ணாம்பு பெயர்ந்த சுவரைப் பார்த்தாள். பிறகு, இத்தனை வாரத்தில் முதல் தடவையாக, அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அங்க எதையோ உதைக்கணுமா? அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தீங்களா? என் மேல கோவம் இல்லையா?"

அவர் வாயைத் திறந்தார். வந்தது அதே வார்த்தைதான். இந்தத் தடவை அவர் சொல்ல நினைத்ததும் அதுவேதான்.

அவள் செல்போனைத் தேடி எடுத்து டைல்ஸ் கடைக்காரரைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிற மனுஷன் எப்படி எடுப்பார்? அவள் மறுபடியும் போட்டாள், மறுபடியும் போட்டாள், ஒரு கை அவர் காலின் மேலேயே இருந்தது. வெகுதூரத்தில், மெயின் ரோட்டுப் பக்கம், மூன்றாவது கியரில் முக்கிக்கொண்டு போகும் சத்தம் இன்னும் கேட்டது.