தவணையில் தொண்ணூறு, சோதினையில் எஸ்

கோப்பாயில் ஜெயரூபன் வீட்டில் அன்று காலை யாரும் புட்டைத் தொடவில்லை. உயர்தரப் பரீட்சை முடிவு வந்திருந்தது. மகள் பிரசாந்திக்கு உயிரியலில் ஏ, பௌதிகவியலில் பி, இரசாயனவியலில் வெறும் எஸ், அதாவது சாதாரண சித்தி மட்டும். அந்த ஒரு எஸ், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் அவளுடைய இசட் புள்ளியைக் கீழே இழுத்துவிட்டது. மருத்துவபீடம் கைநழுவிப் போனது.

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் புறப்பட்ட ஜெயரூபன் முற்றத்திலேயே நின்றுவிட்டார். பள்ளிக்கூடத் தவணைப் பரீட்சைகளில் இரசாயனத்துக்குத் தொண்ணூறுக்குக் கீழே இறங்காத பிள்ளை அவள். சுன்னாகம் சந்தையில் வெங்காயம் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் மகளின் புள்ளிகளையும் இலவசமாகச் சொல்லி அனுப்பியவர் அவர்.

"மூண்டு மணித்தியாலச் சோதினையை வைச்சுப் பிள்ளையின்ரை தலைவிதியை எழுதுறாங்கள். பள்ளிக்கூட மாக்ஸையும் சேத்துப் பாத்தெல்லோ கம்பசுக்கு எடுக்கவேணும்? உந்த ரிப்போட்டுகளைக் கொண்டுபோய்க் கல்விக் கந்தோரிலை கேக்கப்போறன்," என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சோதினை நாளில் காய்ச்சல் வந்தால் பதின்மூன்று வருடப் படிப்பும் போச்சென்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால், அந்தக் கேள்வியைக் கேட்க இந்த வீட்டுக்கு உரிமை இருந்ததா என்பது வேறு விஷயம்.

"போகாதேங்கோ அப்பா," என்றாள் பிரசாந்தி. "அது நான் எடுத்த மாக்ஸ் இல்லை."

பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிப்பவர் செபநாயகம் சேர். பின்னேரங்களில் தன் வீட்டில் ரியூசனும் நடத்துவார். தவணைக்கு வினாத்தாள் தயாரிப்பவரும் அவர்தான். பரீட்சைக்கு முதல் கிழமை ரியூசனில் ஒரு 'மாதிரி வினாத்தாள்' செய்விப்பார். பள்ளிக்கூடத்தில் வருவதும் அதே கேள்விகள்தான். கணக்கில் உள்ள இலக்கம்கூட மாறாது.

"விடையைப் பாடமாக்கிக்கொண்டு போய் எழுதினனான். சேர் கெட்டிக்காரி எண்டார், நானும் நம்பிட்டன். என்ரை வகுப்புக் குருநகர் ஜெசிதா அந்த ரியூசனுக்கு வரேல்லை. தவணையிலை அவளுக்கு அறுபதுதான். இப்ப அவளுக்கு ஏ, அவள் டொக்டருக்குப் போறாள். நீங்கள் சொல்லுற மாதிரிப் பள்ளிக்கூட மாக்ஸையும் பாத்திருந்தா, அவளைத் தள்ளிப்போட்டு நான் போயிருப்பன்."

ஜெயரூபனுக்குக் கோபம் வந்தது.

"உவரை நான் சும்மா விடமாட்டன்."

பிரசாந்தி தாயைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியும்தானே அம்மா?"

உதயகலா தலையைக் குனிந்துகொண்டாள். பரீட்சைக் கேள்வி அந்த ரியூசனிலிருந்துதான் வருகிறது என்று விசாரித்து அறிந்து, மானிப்பாயில் நல்லாகப் படிப்பித்த ஒருவரிடமிருந்து மகளை நிறுத்திச் செபநாயகத்திடம் சேர்த்துவிட்டவளே அவள்தான். முதல் தவணையிலேயே "இது பிழையெல்லே அம்மா?" என்று மகள் கேட்டாள். "எல்லாரும் செய்யினம், நீ பேசாமல் படி," என்று இவள் வாயை அடைத்தாள்.

"சேர் பிறத்தி ஆள். அவர் ஏமாத்தினதைத் தாங்குவன். நீங்களுமெல்லோ அம்மா ஏமாத்திப்போட்டியள்," என்றாள் பிரசாந்தி. அவள் அழவில்லை. அழுதிருந்தால் உதயகலாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. செபநாயகம் சேர்தான்.

"பிரசாந்தியின்ரை அம்மாவே கதைக்கிறது? பிள்ளையை யோசிக்கவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. ரெண்டாந்தரம் சோதினை எடுக்கிறவைக்குச் செக்கண்ட் சை வகுப்பு திங்கக்கிழமை துவங்குது. முன்வாங்கிலை இடம் வைச்சிருக்கிறன்."

உதயகலாவின் குரல் நடுங்கவில்லை.

"இல்லை சேர், அவள் வரமாட்டாள். படியாத பிள்ளைக்குத் தொண்ணூறு போடுறது பிள்ளையின்ரை படிப்பைக் களவெடுக்கிற வேலை. நீங்கள் களவெடுத்தியள், நான் கதவைத் திறந்துவிட்டனான். பள்ளிக்கூட மாக்ஸை நாடு நம்பவேணுமெண்டா, முதல் அதைப் போடுறவையும் வாங்குறவையும் நேர்மையா இருக்கவேணும். நாளைக்கு வந்து அதிபரிட்டை ரெண்டு பேரின்ரை பிழையையும் சொல்லப்போறன்."

போனை வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள்.

"இதை நான் கேட்ட அண்டைக்கே சொல்லியிருக்கலாம் அம்மா," என்றாள் பிரசாந்தி.