கேரியரிலிருந்து பார்த்த சைக்கிள்

சோழவந்தான் ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில் கேட்பாரற்றுக் கிடக்கும் வண்டிகளை வெள்ளிக்கிழமை காலையில் பழைய இரும்புக்கு ஏற்றப்போகிறார்கள் என்று சுருளி போன் செய்து சொன்னான். அவன் அங்கே டோக்கன் கொடுக்கிறவன். சின்ன வயதில் என் சத்துணவுக் கூடத்தில் சாப்பிட்டவன்.

"டீச்சர், உங்க வீட்டுக்காரர் வண்டி இதுக்குள்ள கிடந்தாலும் கிடக்கும். ஒருதடவை வந்து பாத்துருங்க. அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

என் வீட்டுக்காரர் சோலை இறந்தது 2020 மார்ச் முதல் வாரம். வழக்கம்போல என்னைக் கேரியரில் வைத்துக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டார். ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு மதுரைக்கு ரயிலேறினார். அங்கே தல்லாகுளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியவர் நெஞ்சுவலியில் சாய்ந்தார், ஆபீஸ் வாசலை எட்டவில்லை. சாயங்காலம் ஆம்புலன்ஸில்தான் வீடு வந்தார். டோக்கன் சட்டைப்பையோடு எங்கோ போய்விட்டது. காரியம் முடிந்த கையோடு ஊரடங்கு வந்தது. ரயில் நின்றது, ஸ்டாண்டைப் பூட்டினார்கள். மறுபடி திறந்தபோது குத்தகைக்காரர் மாறியிருந்தார். என் கொழுந்தன் ஒருமுறை போய்விட்டு, "எல்லாம் ஒரே துரு மதினி, எது எவன் வண்டின்னே தெரியல" என்று திரும்பி வந்தான். நானும் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது என்பது சுருளியின் போனில்தான் உறைத்தது.

வியாழக்கிழமை மத்தியானம் போனேன். பின்சுவரை ஒட்டி நாற்பது ஐம்பது சைக்கிள்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. எனக்கு முன்பே ஒருவர் அங்கே குந்தியிருந்தார். நாற்பது வயதிருக்கும். பெயர் முகமது ஆசிப், மதுரையில் பழைய சைக்கிள்களை வாங்கிப் புதுப்பிக்கிறவர் என்று சுருளி சொன்னான். குவியலின் அடியிலிருந்து ஒரு வண்டியின் முன்பாதி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தை அவர் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துரு போன இடத்தில் மூன்று நாரைத் தலைகள் தெரிந்தன.

"ராலி கம்பெனிண்ணே. சீமையில செஞ்ச வண்டியா, நம்ம நாட்டு அசன்சால்ல செஞ்சதான்னு வெளியில எடுத்தாத்தான் தெரியும். எதுனாலும் நான் எடுத்துக்கிறேன்" என்றார் சுருளியிடம்.

நான் குவியலைச் சுற்றி வந்தேன். ஒவ்வொரு வண்டியிலும் பின்சக்கரத்தைப் பார்த்தேன், கேரியரைப் பார்த்தேன். இரண்டு முறை சுற்றினேன். எதுவும் எங்களுடையது இல்லை. பின்பாதி தெரியாமல் புதைந்து கிடந்தது ஆசிப் துடைத்துக்கொண்டிருந்த அந்த ஒரு வண்டிதான்.

"சுருளி, இதாத்தான் இருக்கும்ப்பா. இருபத்தாறு வருசம் நான் போன வண்டி" என்றேன்.

ஆசிப் எழுந்தார். "அக்கா, இது நான் பேசி முடிச்ச வண்டி."

சுருளி தலையைச் சொறிந்தான். "காலையில இருந்து மூணு பேரு வந்து, பளபளன்னு இருக்கிறதைக் காட்டி எங்க மாமா வண்டி, எங்க சித்தப்பா வண்டின்னுட்டுப் போனாங்க டீச்சர். அடையாளம் சொன்னா எடுத்துக்கங்க. இல்லாட்டி முடியாது."

"எங்கிட்டயேவாடா?"

"நீங்க எனக்கு முட்டை கொடுத்தப்பவும் பேரைக் கேட்டு டிக் அடிச்சுட்டுத்தான கொடுத்தீங்க?"

வண்டி எடுக்க வந்தவர்கள் நாலைந்து பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சுருளி கேட்டான்: "என்ன கம்பெனி?"

சற்றுமுன் ஆசிப் சொன்ன பெயரைத் திருப்பிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, "தெரியாது" என்றேன்.

"பெல்லு வலதுபக்கமா, இடதுபக்கமா? டைனமோ இருந்துச்சா? செயின் கவர்ல என்ன எழுதியிருந்துச்சு?"

இவற்றுக்கும் அதையேதான் சொன்னேன். கூட்டத்தில் ஒருவர், "இருபத்தாறு வருசம் போன வண்டிங்கிறாக, என்ன வண்டின்னு தெரியலையாம்" என்றார். சிரித்தார்கள். ஆசிப் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அவருடைய கை வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தது.

முகம் சுட்டது. கல்யாணம் ஆனதிலிருந்து அந்த வண்டியில் போயிருக்கிறேன். ஆனால் ஏறியதும் இறங்கியதும் பின்னால். வீட்டிலும் நடையில் முன்சக்கரத்தை உள்ளே விட்டுத்தான் நிறுத்துவார். துடைப்பதும் எண்ணெய் போடுவதும் அவரே. அவர் முதுகுக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று நான் எட்டிப் பார்த்ததே இல்லை.

"முன்னாடி எனக்குத் தெரியாது. பின்னாடி கேளு" என்றேன்.

"பின்னாடி என்ன டீச்சர் இருக்கு? எல்லா வண்டிக்கும் ஒரே கேரியர்தான்."

"இருக்கு. எழுதிக்க."

நிஜமாகவே டோக்கன் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினான்.

"பின்சக்கரத்துக்கு இடதுபக்கம் நான் கால் வைக்க ஒரு கால்கட்டை. மொபெட்டுல இருந்து வெட்டி எடுத்து மாட்டினது. என் செருப்பு ஒருநாள் கம்பிக்குள்ள போயிருச்சு, அதுக்கப்புறம் மாட்டினார். நான் குட்டை, அதனால மத்தவங்க வைக்கிறதைவிட ஒரு சாண் மேல இருக்கும். சீட்டுக்கு அடியில ரெண்டு ஸ்பிரிங்குல இடதுபக்கத்துல மட்டும் டியூப் ரப்பர் சுத்தியிருக்கும். நான் பிடிக்கிற இடம். விரல் நசுங்குதுன்னு சொன்னேன். மட்கார்டுக்குக் கீழ சேறு தெறிக்காம ஒரு பட்டை. அது என்னோட பழைய செருப்பு, நீலக் கலர். அதுல பெருவிரல் பதிஞ்ச குழி இருக்கும்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஆசிப் ஹேண்டில்பாரை விட்டுவிட்டு லுங்கியை மடித்துக் கட்டினார். "எல்லாரும் ஒரு கை பிடிங்கண்ணே. பாத்துருவோம்."

மேலே கிடந்த பதினோரு வண்டிகளை எடுத்து அப்பால் போட்டார்கள். கடைசியில் கேரியரைப் பிடித்து இழுத்ததும் மண்ணோடு வெளியே வந்தது. கால்கட்டை ஒரு சாண் மேலே இருந்தது. ரப்பர் காய்ந்து வெடித்திருந்தாலும் சுற்று விடவில்லை. ஆசிப் உட்கார்ந்து மட்கார்டின் பட்டையைத் துடைத்தார். நீலம். குழிக்குள் தன் பெருவிரலை வைத்துப் பார்த்துவிட்டு என் காலைப் பார்த்தார்.

"தோத்துட்டேன்க்கா" என்றார்.

சுருளி டோக்கன் புத்தகத்தில் பெரிதாக ஒரு டிக் அடித்தான்.

ஆசிப் போகவில்லை. கால்மணி நேரம் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். விலைக்குக் கேட்டார், முடியாது என்றேன். "அப்ப நான் சரிபண்ணியாவது தாரேன். இதைக் கண்ணால பாத்துட்டு அப்படியே விட்டா எனக்குத் தூக்கம் வராதுக்கா" என்றார். அதற்குச் சம்மதித்தேன்.

வாராவாரம் ரயிலேறி அவர் பட்டறைக்குப் போனேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்து ஊறவைத்து ஒவ்வொரு மரையாணியாகக் கழற்றினார். சீட்டுக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தில் எண்கள் கிடைத்தன. பின்சக்கரத்தின் நடுக்குடத்தில் இருந்த கிரீஸை வழித்ததும் அங்கேயும் எண்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தவர் பட்டறையே அதிரக் கத்தினார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தொண்ணுக்கா! இங்கிலாந்து! உள்ள மூணு கியர் இருக்கு. அண்ணனுக்கு இது தெரியுமா?"

தெரியாது. இத்தனை வருடமும் ஒரே கியரில்தான் மிதித்திருக்கிறார். ஆனால் வண்டி எங்கே, எப்போது பிறந்தது என்பதும் பின்பாதியில்தான் இருந்தது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அதை வாய்விட்டே சொன்னேன்.

"ஆமாக்கா, பின்பாதிக்கு நீங்கதான் ராணி" என்றார் ஆசிப். "ஆனா அந்தக் கால்கட்டையும் செருப்பும் வேணாம். தல்லாகுளத்துல பழைய வண்டி கண்காட்சி வருது. கம்பெனியில வந்தது மாதிரியே இருந்தாத்தான் மார்க்கு."

"முன்னாடி உங்க கம்பெனி இருக்கட்டும் தம்பி. பின்னாடி எங்க வீடு. கை வைக்காதீங்க."

"மார்க்கு போயிரும்."

"போகட்டும்."

இரண்டு வாரம் இந்தச் சண்டை நடந்தது. மூன்றாவது வாரம் போனபோது, வெடித்த ரப்பரின் மேல் புது டியூபை ஒரே அகலத்தில் வெட்டி அதேபோலச் சுற்றியிருந்தார். ஸ்பிரிங்கில் கையை வைத்துப் பிடித்துப் பார்த்தேன்.

கண்காட்சி நாளில், ஆறு வருடத்துக்குப் பிறகு, தல்லாகுளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அவர் கடைசியாக இறங்கிய இடத்தைத் தாண்டிக் கண்காட்சிப் பந்தலுக்கு நடந்தேன். வரிசையாக முப்பது சைக்கிள்கள் நின்றன. எங்கள் வண்டி கறுப்பில் தங்கக் கோடு போட்டு நின்றது. மூன்று நாரைகளும் வெயிலில் மின்னின.

நடுவர் ஒருவர் மார்க் அட்டையோடு வந்தார். முன்பக்கமே நின்று தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். பிறகு குனிந்தார். "இது என்ன, மொபெட் கட்டையா? கம்பெனியில வந்தது இல்லையே."

நான் வாயைத் திறப்பதற்குள் ஆசிப் முன்னால் வந்துவிட்டார். "சார், கம்பெனி இதை ஒரு ஆளுக்குச் செஞ்சுச்சு. அண்ணன் இதை ரெண்டு ஆளுக்கு ஆக்கினார். ரெண்டாவது ஆளு இந்தா நிக்கிறாங்க. மார்க்கைக் குறைக்கணும்னா அவங்களைக் கேட்டுட்டுக் குறைங்க."

நடுவர் எழுதாமல் பேனாவை மூடினார்.

அதற்குள் இருளாயி என்ற ஒரு பெண் வண்டிக்குப் பின்னால் வந்து நின்றாள். அங்கே பெருக்கிக்கொண்டிருந்தவள். விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுக் கால்கட்டையையே பார்த்தாள். "எங்க வீட்டுக்காரன் காலைத் தொங்கப்போட்டுட்டு வாடின்னுதான் கூட்டிட்டுப் போனான். இம்புட்டு யோசிக்கலையே. ஒருதடவை உக்காரட்டுமா?"

வண்டிகளைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கிவிட்டேன். ஆசிப் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, இருளாயி கேரியரில் ஏறி, கட்டையில் கால் வைத்து, ஸ்பிரிங்கைப் பிடித்தாள். "அட, கை தன்னால இங்கதான் வருது!"

அவள் சொன்னது பந்தல் முழுக்கக் கேட்டிருக்கும். மற்ற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சேலை கட்டியவர்கள், சுடிதார் போட்டவர்கள், பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி. தங்கள் கால் எந்தக் கம்பியில் மாட்டியது, எந்த வளைவில் விழுந்தோம், விழுந்ததைக் கவனிக்காமல் யாருடைய கணவர் எத்தனை தூரம் மிதித்துக்கொண்டு போனார் என்று பேச்சு கிளம்பிவிட்டது. வரிசை பந்தல் வாசல்வரை போனது.

"கை வலிக்குதுக்கா" என்றார் ஆசிப்.

"பிடிங்க தம்பி, இன்னும் இருபது பேர்தான்."

நடுவர் வண்டியின் பின்பக்கத்தை முழுதாகப் பார்க்க வேண்டுமென்று அட்டையை உயர்த்திக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தார்.

"சார், வரிசையில வாங்க" என்றாள் இருளாயி.

அவர் என்னைப் பார்த்தார். நான் வாசல் பக்கம் கையைக் காட்டினேன். போய்க் கடைசியில் நின்றார்.