மணலில் இறங்கிய பின்சக்கரம்

அந்த மணல்மேடுகளுக்கு வந்து சேரும் வரை ரோவீனா வாயைத் திறக்கவில்லை. கேரவனை நிறுத்தி, நாற்காலியை வெளியே போட்டு உட்கார்ந்த பிறகு, பொழுது சாய்வதற்குள் கணவனிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். "டெல், என்னால இனிமே முடியாது. நான் ஓரிகனுக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். வர்றதுன்னா நீயும் வா." அவ்வளவுதான். இதைச் சொல்ல இரண்டு வருஷமாக மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறாள்.

வீட்டை விற்றுத்தான் கேரவனை வாங்கினார்கள். ஓய்வு பெற்றதும் ஊர் ஊராகச் சுற்றலாம் என்று டெல்பர்ட் சொன்னபோது அவளும் குதித்தவள்தான். ஆனால் வண்டிக்குள் கட்டில் பக்கம் திரும்பினால் முழங்கை இடிக்கும், அடுப்புப் பக்கம் திரும்பினால் அவன் இடிப்பான். கோபம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளக்கூட இன்னொரு அறை கிடையாது. கழிப்பறையில் உட்கார்ந்துதான் அழ வேண்டும். அங்கேயும் தண்ணீரைச் சிக்கனமாக விடச் சொல்லி வெளியிலிருந்து குரல் வரும்.

கேரவன்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புருஷன் வண்டியைப் பின்னால் எடுப்பான், பெண்டாட்டி பின்னால் நின்று கைகாட்டுவாள். பாதிச் சண்டைகள் அங்கேதான் பிறக்கும். இங்கே வண்டி நிறுத்தும் இடத்தில் சரளை போட்ட தரை கெட்டியாக இருந்தது. ஓரத்தைத் தாண்டினால் மாவு மாதிரி மணல். ரோவீனா சிவப்பு ஜாக்கெட்டில், ஓட்டுநர் பக்கக் கண்ணாடிக்கு நேரே நின்றாள். ஓரம் நெருங்கியதும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காக வைத்தாள். நிறுத்து என்று அர்த்தம். வண்டி நிற்கவில்லை. கத்தினாள். அப்படியும் நிற்காமல் வந்து பின்சக்கரங்கள் இறங்கின. பதற்றத்தில் டெல்பர்ட் எஞ்சினை உறுமவிட, வண்டி அச்சு வரை புதைந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்துக் கேரவன்களிலிருந்து மண்வெட்டியும் பலகையுமாக ஆட்கள் வந்தார்கள். முன்னால் வந்தவன் லைல், வருஷா வருஷம் குளிர்காலத்தை இங்கேயே கழிக்கிறவன், இவர்களுக்குப் பழக்கமானவன்.

"யோவ் டெல்பர்ட், சமாதி கட்டறியா? சொல்லியிருந்தா பூ வாங்கிட்டு வந்திருப்பேனே!"

"நான் என்னய்யா பண்றது? அவ கையே காட்டல. மரம் மாதிரி நின்னா."

ரோவீனாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அத்தனை பேர் முன்னாலும் போட்டு உடைத்துவிட வேண்டும் என்று வாயெடுத்தாள்.

அப்போது லைல் ஒரு மண்வெட்டியை நீட்டினான். டெல்பர்ட்டின் கை அதற்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தது. துழாவி, பிறகுதான் பிடி அகப்பட்டது. வேறு யாரும் கவனிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியில் தூசி என்று சொல்லி அவன் சாலைப் பலகைகளை அவளைப் படிக்கச் சொன்னதும், நேற்று அவளுடைய காபியை எடுத்துக் குடித்ததும் அவளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன.

"நிஜமாவே கை காட்டலியாம்மா?" என்று கேட்டான் லைல்.

"காட்டல. மேட்டைப் பராக்குப் பாத்துட்டு நின்னுட்டேன். என் தப்புதான்."

எல்லோரும் சிரித்தார்கள். டெல்பர்ட் மட்டும் சிரிக்காமல் குனிந்து மணலை வாரினான்.

டயர்களில் காற்றைக் குறைத்து, பலகைகளைச் சொருகி, லைலின் டிரக்கில் கட்டி இழுத்து வண்டியை மேலேற்றினார்கள். ஆட்கள் கலைந்ததும் இருவரும் உள்ளே போனார்கள்.

"எப்பேர்ந்து?" என்றாள்.

"கோடையிலேர்ந்து. ஓரமெல்லாம் தெரியுது. நடுவுல மட்டும் புகை."

"அந்தக் கண்ணோடவா என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டு இவ்வளவு தூரம் ஓட்டின? எதிர்ல வர்றவன் பிள்ளைகுட்டிக்காரனா இருந்தா?"

"சொன்னா நீ போயிடுவ." அவன் அவளைப் பார்க்காமல் பேசினான். "அக்காகிட்ட நீ போன்ல பேசறது கேக்காதா எனக்கு? இந்த டப்பாக்குள்ள எது கேக்காது? போறதுக்கு நீ ஒரு காரணம் தேடிட்டிருந்த. அதை நானே எடுத்துக் குடுக்கணுமா?"

ரோவீனாவுக்கு அவன்மேல் ஆத்திரமும் இரக்கமும் சேர்ந்து வந்தன. அவளுக்கு வேண்டிய காரணம் இதோ கையில் இருந்தது. யாரும் குறை சொல்ல முடியாத காரணம்.

"சாவியைக் குடு," என்றாள்.

கொடுத்தான். அந்த ஓட்டுநர் இருக்கையில் அவள் உட்கார்ந்ததே இல்லை. கால் எட்டவில்லை, இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள். முன் கண்ணாடி முழுக்க மணல்தான் தெரிந்தது.

"ஓரிகனுக்கா?" என்று கேட்டான்.

"யூமா டவுனுக்கு. கண் டாக்டர்கிட்ட."

"அவன் ஓட்டக் கூடாதுன்னு சொல்லிட்டா?"

அப்படிச் சொன்னால் அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் அவள் சொல்ல இருந்தாள்.

"அதான் நான் ஓட்டறேனே," என்றுதான் வாயில் வந்தது.

டெல்பர்ட் நீளமாக மூச்சு விட்டான். அவன் தோள்கள் தளர்வதை இத்தனை மாதத்தில் இன்றைக்குத்தான் பார்த்தாள். பக்கத்து இருக்கையில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டான்.

"அப்ப வசந்தத்துல நியூ மெக்சிகோ போயிடலாம் ரோ. அங்க மணல் இன்னும் வெள்ளையா இருக்குமாம். எனக்கு மங்கலாத் தெரிஞ்சா என்ன, நீ பாத்துச் சொல்லு."

ரோவீனா ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்தாள்.

"பெல்ட்டைப் போடு," என்றாள்.