எட்டாத சுவிட்சு

“டேப்பைக் கொடுங்க மேடம்.”

மாதிரி வீட்டுக்குள் நின்றுகொண்டு எதை வேண்டுமானாலும் கேட்கலாம். குடிக்கத் தண்ணீர் கேட்கலாம். ஏசியைக் கூட்டச் சொல்லலாம். பால்கனியில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கலாம். அளக்கிற டேப்பை மட்டும் கேட்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே விற்பனை மேடம் அவளைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: “கஸ்டமர் கேட்டா, ‘சைட்ல இருக்கு, எடுத்துட்டு வரச் சொல்றேன்’னு சொல்லிச் சமாளிச்சுடு. நம்ம ஆளுங்க வாயில அந்தப் பேச்சே வரக் கூடாது. உசிரே போனாலும்.”

இப்போது அவள் வாயிலேயே வந்துவிட்டது. வீடு பார்க்க வந்திருந்த இன்னொரு கணவன் மனைவி காதில் நன்றாக விழும்படி, அம்மாவும் அப்பாவும் பார்த்துக்கொண்டிருக்க, அதுவும் அம்மா அங்கிருந்த கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டிருந்த நேரத்தில்.

அநியாயத்தைக் கண்டு பொங்கியெழுந்து கேட்டாள் என்று பிற்பாடு யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவளே சொன்னாலும் நம்ப வேண்டாம். கேட்டதற்குக் காரணம் ஒரு சுவிட்சு.

நகரம் முடிகிற மாதிரி தெரிந்து, பிறகு முடியாமல் நீண்டுகொண்டே போகிற இடத்தில், ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தன அந்த அடுக்குமாடிகள். பூங்கா, நீச்சல் குளம், வயதானவர்கள் நடக்க ஒரு வளைந்த பாதை எல்லாமே படத்தில் பச்சையாகவும் நீலமாகவும் இருந்தன. தரையில் இன்னும் சேறுதான். அந்தக் கம்பெனியில் அவள் இன்ஜினியர். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். பாலமும் அணையும் படித்துவிட்டு வந்தவளை, எந்தச் சுவரில் எந்தச் சுவிட்சு வர வேண்டும் என்று படத்தில் புள்ளி வைக்கிற மேசையில் உட்கார வைத்தார்கள். ஆபீசில் அவள் பேரே ‘சுவிட்சு’ ஆகிவிட்டது. “சுவிட்சு வந்தாச்சா?” “சுவிட்சு இன்னிக்கு ஏன் சூடா இருக்கு?”

வீட்டில் இந்த விவரம் தெரியாது. “என்னம்மா வேலை பண்றே?” என்று அப்பா கேட்டபோது, “கட்டடம் கட்டறேன்பா” என்று சொல்லியிருந்தாள். ஆயுசு முழுக்கக் கிரேன் ஓட்டிய மனிதரிடம் போய் அப்படிச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். அது அவளிடம் தாராளமாக இருந்தது. அவரும் பேருந்தில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்களிடமெல்லாம், “அதோ தெரியுது பாருங்க, என் பொண்ணு கட்டறது” என்று ஜன்னல் வழியே கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா சீருடை தைக்கிற கம்பெனியில் தையல்காரி. அவர்கள் குடியிருந்தது நீளமாக ஒரே ஒரு அறை. நடுவில் ஒரு திரைச்சீலை. திரைக்கு இந்தப் பக்கம் அடுப்பும் அப்பாவும், அந்தப் பக்கம் தையல் மிஷினும் துணி மூட்டைகளும். தையல் மேசைக்கு அடியில் காலை மடக்கி உட்கார்ந்துதான் அவள் பட்டம் வாங்கினாள். அம்மாவுக்கு இருந்தது ஒரே ஆசை. “கதவு வெச்ச ஒரு ரூம் வேணும்டி. உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுட்டுச் சும்மா உக்காரணும். ஒண்ணும் பண்ண வேணாம். ‘எங்க இருக்கே’ன்னு யாராவது கூப்பிட்டா, பதில் சொல்லாம இருக்கணும்.”

கம்பெனியில் ஊழியர்களுக்கென்று சில வீடுகளை ஒதுக்கினார்கள். வாங்குகிற ஊழியர், வீடு கைக்கு வரும்வரை வேலையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. இவளே முந்திக்கொண்டு போய்ப் பேர் கொடுத்தாள். இவளே வீட்டில் ஒரு வாரம் பிரசங்கம் செய்தாள். “படுக்கையறை எவ்ளோ பெருசு தெரியுமா? கட்டில் போட்டது போக நடந்து போய் நடந்து வரலாம்.” இன்று கையெழுத்து. அதற்குத்தான் இருவரையும் கூட்டி வந்திருந்தாள்.

மாதிரி வீட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். வாசலுக்குக் கதவு இல்லை, பிளாஸ்டிக் பூ சுற்றிய ஒரு வளைவுதான் இருந்தது. உள்ளேயும் எந்த அறைக்கும் கதவு இல்லை. “கதவு இருந்தா கஸ்டமருக்குக் கண்ணு தடுக்கும். அதான் மாட்டலை” என்றார் மேடம். எப்போதும் சிரித்தபடியே பேசுகிறவர். திட்டும்போதுகூட அந்தச் சிரிப்பு கொஞ்சம் அகலமாகுமே தவிர அணையாது.

அப்பா சோபாவில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் மார்புக்கு வந்துவிட்டன. நல்ல இடத்தில் இப்படித்தான் உட்கார வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். அம்மா நேராகப் படுக்கையறைக்குப் போய், மிஷின் மிதித்து மிதித்து இடுப்பு விட்டுப்போச்சு என்று சொல்லிக்கொண்டே கட்டிலில் சாய்ந்தாள். தலைமாட்டில் பட்டும் வெல்வெட்டுமாகத் தலையணைகளை அடுக்கியிருந்தார்கள். அதன்மேல் தலையை வைத்து உடம்பை நீட்டினாள். பாதம் இரண்டும் கட்டிலுக்கு வெளியே போய் அந்தரத்தில் நின்றன.

“ஐயோ, இங்க பாருங்க!” அம்மாவுக்கு ஒரே குதூகலம். “என் கால் வெளிய நீட்டிட்டு இருக்கு! நான் உயரமாயிட்டேன்!”

பிறந்ததிலிருந்து குள்ளச்சி என்றே பேர் வாங்கியவள். மேல் அலமாரியில் எதை எடுக்கவும் முக்காலி தேடுகிறவள். அவள் பாதத்தை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். அப்பா எட்டிப் பார்த்து, “வீட்டு ராசி” என்றார்.

பட்டம் வாங்கிய மகளுக்கு அப்போதும் உறைக்கவில்லை. அந்த அறையின் நீள அகலம் போட்ட படம் தினமும் அவள் மேசையில் விரிந்து கிடப்பதுதான். இந்த மாதிரி வீட்டுக்கும் எத்தனையோ தடவை வந்திருக்கிறாள். வருவாள், சுவரில் தன் சுவிட்சு கோணாமல் இருக்கிறதா என்று பார்ப்பாள், ‘அடேயப்பா, எவ்வளவு பெரிய ரூம்’ என்று மெத்தையைத் தடவிவிட்டுப் போவாள். கையில் இருந்த படத்தை விட்டுவிட்டு மெத்தையை நம்பிய ஒரே இன்ஜினியர் அவளாகத்தான் இருக்க வேண்டும்.

அம்மா படுத்தபடியே கையை நீட்டி விளக்கை அணைக்கப் பார்த்தாள். விரல்கள் சுவரைத் தடவின. எட்டவில்லை. இன்னும் நீட்டினாள். எட்டவில்லை.

“என்னடி இது, படுத்துட்டு லைட்டை நிறுத்த முடியலையே. எழுந்து உக்காந்துதான் நிறுத்தணுமா? இந்தச் சுவிட்சை எந்த முட்டாள் வெச்சான்?”

அந்த முட்டாள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

“வெச்சது சரியான இடம்மா.”

“என்ன சரி? கை எட்டலைங்கறேன். ஒரு நாளாவது கட்டில்ல படுத்தவனா இருந்தா இப்படி வெப்பானா?”

வீடு பார்க்க வந்த பெண்மணி சிரித்தாள். “ஆமாங்க, வீட்டு வேலை தெரியாத எவனோ வெச்சிருக்கான்.”

சுவிட்சுக்கு வந்ததே கோபம். அந்த இடத்தை அவள் சும்மா வைக்கவில்லை. தலைமாட்டிலிருந்து கை எவ்வளவு நீளும், மெத்தை எவ்வளவு உயரம் என்று ஒரு வாரம் மண்டையை உடைத்து வைத்த புள்ளி. இந்தக் கட்டடம் முழுவதிலும் அவள் பெருமைப்பட்டுக்கொள்ள இருந்தது அந்த ஒரு புள்ளிதான். அதைப் போய், பெற்ற தாயே!

அப்போதுதான் கேட்டாள். “டேப்பைக் கொடுங்க மேடம்.” சுவிட்சு சரியான இடத்தில் இருக்கிறது என்று நிரூபித்துவிட வேண்டும். வேறு எந்த நல்ல எண்ணமும் அவள் மனதில் இல்லை.

மேடத்தின் சிரிப்பு அகலமானது. “டேப் சைட்ல இருக்கும்மா. எடுத்துட்டு வரச் சொல்றேன்.”

“எங்கிட்ட இருக்கே” என்று அம்மா, படுத்தபடியே கைப்பையைத் துழாவி, தையல் டேப்பை எடுத்து நீட்டினாள். “இது இல்லாம நான் எங்க போவேன்?”

மகள் ஒரு முனையைச் சுவிட்சில் வைத்து மறு முனையைத் தரைக்கு இறக்கினாள். படத்தில் இருந்த அதே உயரம். சுவரின் மூலையிலிருந்து அளந்தாள். அதே தூரம். “பாத்தியா? நான் வெச்சது நூல் பிசகலை!” என்று அம்மாவிடம் கத்தினாள்.

“நீயா வெச்சே? நீ கட்டடம்ல கட்டறே?”

அதற்குப் பதில் சொல்லாமல் இருப்பதற்காகவே குனிந்து கட்டிலை அளந்தாள். கால்மாட்டில் வைத்துத் தலைமாட்டுக்கு இழுத்தாள். தையல் டேப் முடிந்த இடத்தில் கட்டிலும் முடிந்துவிட்டது.

சட்டைக்கு அளவெடுக்கிற டேப். பெரியவர்கள் படுக்கிற கட்டிலுக்கு அது எப்படிப் போதும்?

அகலத்தை அளந்தாள். உயரத்தை அளந்தாள். எல்லாம் சொல்லிவைத்த மாதிரி சுருங்கியிருந்தன. சுவிட்சு இருந்த இடத்திலேயே இருந்தது. கட்டில்தான் கீழேயும் தள்ளியும் போயிருந்தது. அறை பெரிதாகத் தெரிய அதற்குள் இருப்பதையெல்லாம் சிறிதாகச் செய்து வைத்திருக்கிறார்கள். அலமாரி, சோபா, சாப்பாட்டு மேசை, எல்லாம்.

“அப்பா, கொஞ்சம் வந்து படுங்க.”

அப்பா தயங்கித் தயங்கி வந்து படுத்தார். முழங்காலுக்குக் கீழே பாதிக்கு மேல் வெளியே தொங்கியது. வீடு பார்க்க வந்த மனிதர், “நானும் படுத்துப் பாக்கட்டுமா?” என்று வரிசையில் நின்றார்.

அவள் உண்மையான கட்டில் எதுவரை வரும் என்று தரையில் காலால் ஒரு கோடு இழுத்தாள். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று இன்னொரு கோடு. இரண்டு கோடும் முட்டிக்கொண்டன. கட்டில் போட்டால் கதவு பாதிகூடத் திறக்காது. மூட வேண்டுமென்றால் கட்டில்மேல் ஏறி நின்றுதான் தள்ள வேண்டும். அம்மா கேட்ட கதவு.

மேடம் அவள் முழங்கையைப் பிடித்துச் சமையலறைக்குள் கொண்டுபோனார். அங்கே குழாயில் தண்ணீர் வராது.

“உனக்கு டிசைன் செக்‌ஷன்தானே வேணும்? ரெண்டு தடவை வந்து கேட்டியே? திங்கக்கிழமை மேசையை மாத்திடறேன். இப்பப் போய், ‘கட்டில் ஷோவுக்காக வெச்சது, ரூமெல்லாம் தாராளமா இருக்கும்’னு சொல்லு. வீடு பார்க்க வந்த அவங்க ரெண்டு பேரும் உன்னைப் பார்த்து நம்புவாங்க. அம்மாவும் நீ சொன்னா நம்புவாங்க.”

“அதான் மேடம் பயமா இருக்கு.”

அப்படி நறுக்கென்று சொல்லிவிட்டாளே தவிர, உடனே திரும்பி நடந்துவிடவில்லை. டிசைன் செக்‌ஷன் என்றதும் மூளை தானாக ஓடியது. கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைத்தால்? நடையில் போகிறவர் மூக்கு உடையும். பக்கவாட்டில் தள்ளுகிற கதவு வைத்தால்? சுவரில் சுவிட்சு இருக்கிறது, அவள் சுவிட்சு. அதைக் கொஞ்சம் நகர்த்தினால்? சேர்வதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்டாள். பொய்க்கு இடம் ஒதுக்குவதுதான் அங்கே வேலை என்றால், கை அதற்குப் பழக ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.

படுக்கையறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “ஏய் இன்ஜினியர்! மேடத்தோட சண்டை போடாதே. இந்தக் கட்டிலையே நமக்குக் குடுத்துடச் சொல்லு. சின்னதா இருந்தா என்ன, நானும் சின்னவதானே? காலை மடக்கிக்கறேன்.”

“அதானே” என்று அப்பாவும் சொன்னார். “இப்ப இருக்கற வீட்ல மட்டும் நாம என்ன நீட்டியா படுத்தோம்?”

கோபம் வந்தது. எப்போதும் வருகிற கோபம்தான். ஆனால் எப்போதும் அதற்கு ஒரு ஆள் இருப்பார்: வாத்தியார், பேருந்து நடத்துநர், மேடம். இந்தத் தடவை சுற்றிலும் தேடிப் பார்த்தால், ஒரு வாரம் பிரசங்கம் செய்து இருவரையும் இங்கே கூட்டி வந்து படுக்க வைத்தவள்தான் அகப்பட்டாள். காலை மடக்கிக்கொள்ளாமல் இருப்பதற்குத்தானே படிக்க வைத்தார்கள்? அவளோ, அளவாக மடக்குவதற்குப் படம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். கூடவே வசதியாக ஒரு சுவிட்சும்.

படுக்கையறைக்குப் போனாள். “அம்மா, எழுந்திரு. போகலாம்.”

“கையெழுத்து?”

“ஊழியருங்கதான் போட முடியும்.”

“நீ இருக்கியே.”

“இவ்வளவு நேரம் இருந்தேன்.”

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். முகத்தில் இருந்த உயரமெல்லாம் இறங்கிவிட்டது. “அடிப்பாவி. சுவிட்சை ஒரு வார்த்தை சொன்னதுக்கா?”

“ஆமா. அதுக்குத்தான்னு வெச்சுக்க.”

அம்மா இனி எத்தனை நாள் பேசாமல் இருப்பாள் என்று தெரியவில்லை. பேசாமல் இருந்தாலும் அதே ஒரு அறையில், அதே திரைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாக வேண்டும். வேலையும் போய், வீடும் போய், திங்கட்கிழமை காலையில் எந்தப் பேருந்தில் ஏறுவது என்றுகூட அவளுக்குத் தெரியாது. இவ்வளவும் தெரிந்துதான் கையிலிருந்த டேப்பை வீடு பார்க்க வந்த பெண்மணியிடம் நீட்டினாள்.

“அலமாரியையும் அளந்துடுங்க. அதுல மாட்டினா சட்டை தரையில புரளும்.”

“ஏய்! என் டேப்பு!” என்று அம்மா கத்தினாள். அப்பா, “விடு, பொண்ணு ஏதோ கட்டறா” என்றார். மேடம் பின்னாலேயே வந்து, சிரிப்பு மாறாமல், “யோசிச்சுப் பண்ணும்மா” என்றார்.

யோசித்தாகிவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் கதவை ஓங்கி அறைந்து சாத்திவிட்டுப் போக வேண்டும். அதற்கும் அந்த வீட்டில் ஒரு கதவு இல்லை. பிளாஸ்டிக் பூ வளைவில் தலை இடிக்காமல் குனிந்து, குவியலில் தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, சேற்றில் இறங்கி நடந்தாள்.