கை தூக்கினால் நிற்கும் வீணை

பெண் பார்க்க வந்தவர்களை மகளின் கச்சேரிக்கு அழைத்து வந்தது பிசகு என்று, அடையாறு அரங்கில் விளக்கு அணைந்ததுமே ஜவுளிக்கடைச் சண்முகவேலுக்குத் தெரிந்துவிட்டது. வீணைக் கச்சேரி என்றுதான் மகள் தங்கபுஷ்பம் வீட்டில் சொல்லியிருந்தாள். மேடையிலோ வீணைக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் திரை. அதில் ரங்கநாதன் தெருவில் நடக்கும் கால்கள் மட்டும் படமாக ஓடின. செருப்புக் கால், வெறுங்கால், கொலுசுக் கால். அந்த நடைக்கு ஏற்ப அவள் வாசித்தாள். ராகம் எதுவும் பிடிபடவில்லை.

"இத நடத்தப்போறது நீங்கதான்," என்று முதலிலேயே மைக்கில் சொல்லியிருந்தாள். "யார் கை தூக்கினாலும் நிறுத்திடுவேன், படமும் நிக்கும். யாராவது கை தட்டினா மறுபடி வாசிப்பேன்."

கல்லூரிப் பையன்கள் தூக்கியும் தட்டியும் விளையாடினார்கள்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் இசக்கிமுத்து, தூத்துக்குடிக்காரர், சண்முகவேலின் பக்கம் சாய்ந்தார். "என்ன அண்ணாச்சி, கடைத்தெருவுல போறவன் காலையெல்லாம் காட்டுதா உங்க மக?"

"கடைத்தெருவுலதான நமக்குச் சோறு."

"அது ஆம்பளைக்கு. நான் நிப்பாட்டுதேன் பாரும்."

கையைத் தூக்கினார். வீணை நின்றது, திரையில் படமும் அப்படியே நின்றது. தூக்கிய கை இறங்கவில்லை. அவர் திரும்பி முறைத்ததைப் பார்த்துப் பையன்களும் தட்டாமல் அடங்கிவிட்டார்கள். தங்கபுஷ்பம் தந்தியில் விரலை வைத்தபடி காத்திருந்தாள். தான் போட்ட விதியை அவள் மீறமாட்டாள்.

சண்முகவேலுக்கு அந்தச் சங்கீதம் பிடிக்கவில்லை. பிடிக்கப்போவதும் இல்லை. இந்தச் சம்பந்தம் கூடிவர அவர் ஒரு வருஷம் அலைந்திருக்கிறார். ஆனாலும் அவர் வீட்டுப் பெண், அடுத்த வீட்டான் காட்டிய கைக்கு அடங்கி நாலு பேர் முன்னால் உட்கார்ந்திருப்பதா?

நிமிர்ந்து உட்கார்ந்து பலமாகத் தட்டினார். வீணை ஒலி எழுந்தது. இசக்கிமுத்து மறுபடி தூக்கினார். இவர் மறுபடி தட்டினார்.

"யோசிச்சுத்தான் தட்டுதியளா?"

"யோசிச்சுத்தான்."

"நாங்க எந்திரிச்சா திரும்ப வரமாட்டோம்."

"வாசல்ல கார் நிக்கி. டிரைவர்ட்ட சொன்னா எழும்பூர் ஸ்டேஷன்ல விட்டுருவான்."

அவர்கள் வரிசையாக எழுந்து போனார்கள். அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்தபடி சண்முகவேலின் மனைவி பேச்சியம்மாள் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் எவனோ கையைத் தூக்க, வீணை நின்றது.

"ஊருல கேட்டா என்னன்னு சொல்ல?" என்றாள்.

"நான் சொல்லிக்கிடுதேன். நீ தட்டு."