பங்கில் வந்த அண்ணன்

உடலைக் குளிப்பாட்டும்போது நெகிழ்ந்துபோன கால்கட்டை மறுபடி இறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார் ரமணி. காரியம் நடத்திக் கொடுப்பதற்காகக் கிள்ளானிலிருந்து வந்திருந்தவர் அவர்.

"பொறந்த வீட்டுக் கோடிப் புடவை யாரு போடுறாங்க?"

அம்மாவின் தலைமாட்டில் எண்ணெய்ப் புட்டியோடு நின்றிருந்த சுகுமாறன் வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து பதில் வந்தது.

"நான்தான் பாஸ். தட்டு காடியில இருக்கு. எடுத்துட்டு வரவா?"

வெளியே நின்ற காரைக் கைகாட்டியபடி வாசு எழுந்து நின்றார். அம்மாவின் சித்தப்பா மகன். பத்து ஆண்டுகளுக்கு முன் ஷா ஆலமில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்த இரண்டு கிழவிகள் பேச்சுவாக்கில் கண்டுபிடித்துக் கொடுத்த உறவு. நல்ல மனிதர். தீபாவளி தவறாமல் வந்து அம்மாவின் காலில் விழுந்து எழுவார். செய்தி கேட்டு முதலில் வந்து நின்றவரும் அவர்தான்.

சுகுமாறன் எண்ணெய்ப் புட்டியைக் கீழே வைத்தான். சமையலறை வாசலில் நின்ற மனைவி சந்திரகலாவிடம் போய், பழனியப்பன் மாமாவுக்குச் சொல்லியாயிற்றா என்று மெல்லக் கேட்டான். நீங்கள் சொல்லியிருப்பீர்கள் என்றல்லவா இருந்தேன் என்றாள் அவள். அவள் சொல்லியிருப்பாள் என்று அவனும் இருந்துவிட்டான். அதிகாலை நான்கு மணிக்கு மூச்சு அடங்கியதிலிருந்து இருவரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையில், சொல்லவேண்டிய முதல் ஆளுக்குச் சொல்லாமலேயே நண்பகல் வந்துவிட்டது.

அதுகூடப் பெரிதில்லை. காலை ஏழு மணிக்கு, போர்ட் கிள்ளான் கிடங்கில் அவனோடு வேலை பார்க்கும் ஒருவர் போனில் எல்லோருக்கும் அனுப்பும் மரண அறிவிப்புப் படத்துக்காக விவரம் கேட்டு எழுதியிருந்தார். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாக நிரப்பிக்கொண்டு வந்த அவனுடைய கட்டைவிரல், 'உடன்பிறந்தோர்' என்ற இடத்தில் சற்றே நின்றது. இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கிடங்கில் பெட்டியையும் பட்டியலையும் ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் அவன். எழுத்தில் ஏறுவது சரியாக இருக்கவேண்டும் என்று நினைத்தான். 'வாசு' என்று மட்டும் போட்டு அனுப்பிவிட்டான்.

பழனியப்பன் அம்மாவுக்கு அண்ணன்தான். ஆனால் பிறப்பால் அல்ல, பங்கில் வந்த அண்ணன்.

பந்திங் சாலையிலிருந்து உள்ளே போனால், ஈயம் தோண்டிக் கைவிட்ட பெரும்பள்ளம் ஒன்று மழைநீர் நிறைந்து ஏரியாகக் கிடக்கிறது. ரப்பர் தோட்டங்கள் விற்கப்பட்டு ஆளுக்கொரு திசையாகச் சிதறியபோது, ஏழு குடும்பங்கள் அதன் கரையில் பலகை வீடு கட்டிக் குடியேறின. ஏழும் ஏழு தோட்டத்து ஆட்கள். ஒருவருக்கொருவர் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வந்த இரண்டாம் ஆண்டு தாமரை என்றொருத்தி பிள்ளைப்பேற்றில் இறந்துபோனாள். பிறந்த வீட்டுக் கோடி போட ஆளில்லை. யார் போடுவது, போட்டால் முறையாகுமா என்று பெரியவர்கள் தயங்கித் தயங்கிப் பேசிக்கொண்டிருந்ததில், அந்தப் பெண் பொழுது சாயும்வரை வெறும் பாயில் கிடந்தாள்.

மறுநாள் காலை, கதைகளில் பறவைகளெல்லாம் ஆலமரத்தில் கூடித் தங்களுக்கு ஒரு ராஜாவைத் தேர்ந்தெடுக்குமே, அதுபோல அந்த ஏழு வீட்டாரும் ஏரிக்கரையில் கூடினார்கள். ராஜாவையா தேர்ந்தெடுத்தார்கள்? உறவைப் பங்கு பிரித்தார்கள். வலையில் விழுந்த மீனைக் கூறு போடுவதுபோல, உனக்கு இவர் மாமனார், அவளுக்கு நீ நாத்தனார், இந்தப் பிள்ளைக்கு அவள் அத்தை என்று கூறு போட்டார்கள். சைக்கிளில் மீன் விற்ற அலமேலு, சுகுமாறனுக்கு அத்தையானாள். சாலைக்குத் தார் ஊற்றப் போய் ஒரு காது மந்தமான ராமு சித்தப்பா ஆனார். அம்மா இராஜம்மாவுக்கு அண்ணனாக விழுந்தவர் பழனியப்பன்.

விளையாட்டாகச் செய்ததில்லை அது. சுகுமாறனுக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொண்டவர் அவர். அப்பா இறந்த ஆண்டில், பழனியப்பன் வீட்டு உலை கொதிக்குமுன் தங்கை வீட்டு உலை கொதித்தது. ஏழு வீட்டில் இப்போது மூன்றுதான் மிச்சம். ராமு போய்விட்டார். ஒவ்வொருவர் போனபோதும் பங்குப்படி உரியவர் வந்து உரியதைச் செய்தார். ஒருநாளும் அது தவறியதில்லை.

ஒன்றேகால் மணிக்கு அலமேலுவின் கையைப் பிடித்துக்கொண்டு பழனியப்பன் வீட்டு முன்னால் போட்டிருந்த கூடாரத்துக்குள் நுழைந்தார். எண்பத்தொரு வயது. இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. முன்வரிசையில் வெள்ளித் தட்டில் விரித்திருந்த பட்டுப்புடவை கண்ணில் பட்டதும், அவர் நடை நின்றது. திரும்பி, கடைசி வரிசையில் அக்கம்பக்கத்துக்காரர்கள் நடுவே போய் உட்கார்ந்தார். பையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

அலமேலு மட்டும் நேராக சுகுமாறனிடம் வந்தாள்.

"என்னடா சுகு, அண்ணனையே மாத்திப் போட்டுட்டியாமே. கடைக்காரப் பொண்ணு போன்ல படிச்சா. நான் இன்னும் உனக்கு அத்தைதானா, இல்ல மீன்காரியா? சொல்லிடு, அதுக்குத் தக்கன அழுதுட்டுப் போறேன்."

சுகுமாறன் கடைசி வரிசைக்குப் போய் மாமாவின் முன் குனிந்து நின்றான்.

"மாமா, உள்ள வாங்க."

"இருக்கட்டும்ப்பா." அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். "சரியாத்தான் போட்டிருக்க. யாரும் இல்லைன்னுதானே அன்னைக்குப் பிரிச்சுக்கிட்டோம். இப்பதான் அவளுக்கு ஆள் இருக்கே."

பின்னாலிருந்து வாசு வந்து அவன் தோளைத் தொட்டார். மூன்று மணிக்கு மின்சுடலையில் நேரம் வாங்கியிருப்பதை நினைவூட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துக் கேட்டார்.

"பெரியவரு யாரு லா?"

சுகுமாறன் கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தான். தட்டும் தயார், ரமணியும் தயார். கூடாரம் முழுக்க ஆட்கள்.

"ஏரிக்கரைக்காரரு," என்றான்.

சொன்னது காதில் விழாததுபோல பழனியப்பன் செருப்பைச் சரிசெய்துகொண்டார்.

பெட்டிக்கு மாற்றும் நேரம். ரமணி நான்கு ஆண்களை அழைத்தார். அப்போதுதான் பழனியப்பன் எழுந்து, நாற்காலி நாற்காலியாகப் பிடித்து நடந்து, உள்ளே வந்தார். பையிலிருந்து ஒரு நூல்புடவையை எடுத்தார். பச்சை நிறம். மடிப்புக் கலையாத புதுத்துணி.

"மேல போடுறது அவங்க உரிமை," என்றார் ரமணியிடம். "இத அடியில விரிச்சிடுங்க. அந்தப் பெட்டித் துணி வழுக்கும். அவளுக்கு வழுக்குனா பயம். ஏரிப் படியில ஒருதடவ விழுந்தவ."

எத்தனையோ சாவு பார்த்த ரமணி சுகுமாறனைப் பார்த்தார். அவன் புடவையை வாங்கினான். பெட்டிக்குள் குனிந்து, தலைப்பக்கமிருந்து கால்பக்கம்வரை ஒரு சுருக்கமும் இல்லாமல், தன் கையாலேயே விரித்தான். அம்மாவைத் தூக்கி அதன்மேல் கிடத்தினார்கள். அதற்குப் பிறகு வாசு பட்டுப்புடவையைப் போர்த்தினார். பச்சை எங்கும் தெரியவில்லை.

மின்சுடலையிலிருந்து திரும்பும்போது மணி ஐந்து. வாசலில் வைத்திருந்த வாளித் தண்ணீரில் கால் கழுவிவிட்டு ஒவ்வொருவராக விடைபெறாமல் நழுவினார்கள். அலமேலுவும் பழனியப்பனும் பஸ் நிறுத்தம் எந்தப் பக்கம் என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாசு காடிச் சாவியை எடுத்தார்.

"பெரியவங்க ரெண்டு பேரையும் நான் ஏத்திட்டுப் போறேன் லா. தெலுக் டவுன் வரைக்கும் போறவன்தானே, இன்னும் கொஞ்சம் உள்ள போனா என்ன? ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கு வந்துடும், சொல்லிட்டேன்."

சுகுமாறன் ஈரக் காலோடு நின்றான். இறந்தவள் வீட்டில், எரித்துவிட்டுத் திரும்பிய பிறகு, உடன்பிறந்தவன் கை படாமல் அடுப்பு எரியாது. ஏரிக்கரையில் அப்படித்தான்.

"அத்தைய ஏத்திக்குங்க. மாமா வரமாட்டாரு," என்றான் வாசுவிடம். குரல் அவனுக்கே உரக்கக் கேட்டது. "அம்மாவோட அண்ணன் அவரு. அடுப்பு இன்னும் பத்த வைக்கல."

வாசு அவனைப் பார்த்தார். பிறகு பழனியப்பனைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, சாவியைக் கைமாற்றிக்கொண்டு அலமேலுவுக்காகக் காடிக் கதவைத் திறந்துவிட்டார். அவள் ஏறி உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பழனியப்பன் வாளிப் பக்கம் திரும்பி நடந்து, ஏற்கெனவே கழுவிய காலை இன்னொருமுறை கழுவினார்.

சமையலறையில் சந்திரகலா அரிசியையும் ஒரு பாத்திரத்தையும் எடுத்துக் கொடுத்தாள். ஒரு குவளை அரிசியை அவர் மூன்று தண்ணீர் விட்டுக் களைந்தார். ஒரு மணிகூடக் கீழே சிந்தவில்லை. விரல் கணுவை வைத்துத் தண்ணீர் அளவு பார்த்தார். பிறகு அடுப்பைத் தேடினார். மேடையில் மின்சாரச் சோற்றுப்பானை ஒன்றுதான் இருந்தது.

"இது எப்படிப்பா?"

சுகுமாறன் பாத்திரத்தைத் துடைத்துச் சோற்றுப்பானைக்குள் வைத்து மூடினான். அழுத்தவேண்டிய இடத்தைக் காட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். அவர் கட்டைவிரலால் அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பானை சூடேறி மெல்ல முனகத் தொடங்கும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.